தலைகாட்டினால் போதுமா?

*பெரிய தொடர்களிலும் படங்களிலும் நிமிடக் கணக்கில் வந்துபோகும் நட்சத்திரங்களை ரசிகர்கள் ஒருசமயம் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். இன்னொருசமயம் வறுத்தெடுக்கிறார்கள். அந்தத் தீர்ப்புக்கு அடியில் என்ன நியாயம் இருக்கிறது? மலையகத்து ரசிகனின் இடத்தில் இருந்து ஒரு பார்வை.*

பட்டிப்பொலையில் பின்னேரம் ஐந்து மணி தாண்டினால் மூடுபனி தண்டவாளம் வரை இறங்கிவிடும். இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் இது. கடல்மட்டத்திலிருந்து 6,200 அடிக்கும் மேல். பதுளைக்குப் போகும் ரயில் நகர்ந்த பிறகு மேடை அடங்கிவிடும். கரட், லீக்ஸ், உருளைக்கிழங்குப் பாத்திகளில் நின்றவர்களும் அம்பேவெலப் பண்ணைப் பக்கம் வேலை முடித்தவர்களும் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீடு திரும்புவார்கள். கூரைகளில் டிஷ் அன்டனாக்கள். உள்ளே தொலைக்காட்சியில் அம்மாவின் நாடகம். அடுப்படிச் சூட்டில் குந்தியிருக்கும் பிள்ளைகளுக்கு நடுவே, கொழும்புக் கடை வேலையிலிருந்து லீவில் வந்த அண்ணனின் போன்.

அந்தச் சின்னத் திரையில் போதைப்பொருள் கும்பல் ஒன்று கூடி நிற்கிறது. இரத்தக் கறையோடு ஒருவன் உள்ளே வருகிறான். சூர்யா. 'விக்ரம்' படத்தின் ரோலெக்ஸ். பிள்ளைகள் எல்லோரும் அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்தவர்கள். இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். முடிந்ததும் விரல் திரையைத் தள்ளுகிறது. வேறொரு படம், வேறொரு பெரிய நட்சத்திரம், இன்னும் பெரிய இசை. "இவரு எதுக்கு வந்தாரு?" என்று யாரோ கேட்க, காட்சி முடியும் முன்பே விரல் மறுபடி தள்ளிவிடுகிறது.

மலையகத்தில் எந்த வீட்டிலும் காணக்கூடிய காட்சி இது. ஒரு வருகைக்குக் கைதட்டல், இன்னொரு வருகைக்குச் சலிப்பு. உலகத்தின் மிகப் பெரிய தொலைக்காட்சித் தொடரில் தொடங்கி நம் ஊர் தீபாவளிப் படம் வரை இந்த இரட்டைத் தீர்ப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் பணம் போயிருக்கிறது, பெயர் போயிருக்கிறது, நல்ல கதைகள் சிதைந்திருக்கின்றன. ரசிகனுடைய கோபத்தைச் சமூக ஊடகக் கூச்சல் என்று ஒதுக்கிவிடலாகாது.

பாட்டுப் பாடிய படைவீரன்

2017 ஜூலை 16. 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொடரின் ஏழாவது பருவம் தொடங்கிய இரவு. டிராகன்களும் பனிப்பிணங்களும் அரியணைப் போரும் நிறைந்த அந்த மாயக் கதையை உலகம் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து பார்த்தது. முதல் அத்தியாயத்தில் ஆர்யா என்ற இளம்பெண் குதிரையில் காட்டு வழியே போகிறாள். அவளுடைய குடும்பத்தை அழித்த பகைவரின் படைவீரர்கள் சிலர் தீ மூட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் பாடுகிறான். கமரா அவன் முகத்தில் நிற்கிறது. அவன் எட் ஷீரன். அந்த ஆண்டில் உலகம் முழுவதும் வானொலிகளில் ஓடிக்கொண்டிருந்த குரல்.

ஷீரனை அழைத்து வந்ததற்கு அன்பான ஒரு காரணம் இருந்தது. ஆர்யாவாக நடித்த மெய்சி வில்லியம்ஸ் அவருடைய ரசிகை. அவருக்கு வியப்பளிக்கத் தயாரிப்பாளர்கள் பல வருடங்களாக முயன்று, கடைசியில் ஷீரனைப் பிடித்தார்கள். அவர் பாடிய பாட்டும் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் மூலநாவலில் உள்ளதுதான். காட்சிக்கும் அர்த்தம் இருந்தது: பகைவரின் படையிலும் வீட்டை நினைத்து ஏங்கும் எளிய பையன்கள் இருக்கிறார்கள் என்பதை ஆர்யா உணரும் தருணம் அது.

ரசிகர்கள் கொதித்தார்கள். இவ்வளவு காலம் நம்பி வாழ்ந்த உலகத்திலிருந்து ஒரு முகம் தங்களை வெளியே இழுத்துப் போட்டுவிட்டது என்றார்கள். அடுத்த நாட்களில் ஷீரனின் ட்விட்டர் கணக்கு கொஞ்ச நேரம் காணாமல் போய்த் திரும்பியது. அதற்கும் இந்த விமர்சனத்துக்கும் தொடர்பில்லை என்று அவரே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 2019 ஏப்ரலில் கடைசிப் பருவம் தொடங்கியபோது, அந்தப் படைவீரன் டிராகனின் தீயில் முகம் வெந்து ஊர் திரும்பினான் என்று ஒரு வரி வசனமும் சேர்ந்தது.

ஆனால் அதே தொடரில் அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பிரபலங்கள் வந்துபோனார்கள். அவர்களை யாரும் ஏசவில்லை. பல பேரை யாரும் கவனிக்கவே இல்லை.

> பெட்டிச் செய்தி: அரியணைக் கதைக்கு வந்த விருந்தாளிகள்
>
> ● வில் சாம்பியன் – கோல்ட்ப்ளே குழுவின் ட்ரம்ஸ் கலைஞர். 2013 இல் வந்த கொடூரமான கல்யாண விருந்துக் காட்சியில் வாத்தியக்காரராக இருந்தார்.
>
> ● கேரி லைட்பொடி – ஸ்னோ பேட்ரோல் குழுவின் பாடகர். 2013 இல் பாடிச் செல்லும் படைவீரர்.
>
> ● சிகுர் ரோஸ் – ஐஸ்லாந்தின் புகழ்பெற்ற இசைக்குழு. 2014 இல் ஜொப்ரி அரசனின் கல்யாணத்தில் பாடி, அவனால் அவமதித்து விரட்டப்பட்டார்கள்.
>
> ● நோவா சிண்டர்கார்ட் – அமெரிக்க பேஸ்போல் வீரர். 2017 இல் ஈட்டி எறிந்துவிட்டுத் தீயில் மாய்ந்த படைவீரர்.
>
> ● கிறிஸ் ஸ்டேபிள்டன் – அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகர். 2019 இல் பனிப்பிணங்களில் ஒருவர்.

சிண்டர்கார்ட் வந்தது ஷீரன் வந்த அதே பருவத்தில், மூன்று வாரம் கழித்து. அவர் ஈட்டியை எறிந்தார், எரிந்து போனார், கதை நிற்காமல் நகர்ந்தது. ஷீரன் விஷயத்தில் கமரா நின்றது. பாட்டு முடியும் வரை காத்திருந்தது. கதை அந்த முகத்துக்காக ஒதுங்கி வழிவிட்டது. ரசிகர்களின் மனதைத் தைத்தது அந்தத் தாமதம்.

அதே தொடரின் கடைசிப் பருவத்தில், 2019 மே மாதம், கோட்டை விருந்து மேசையில் இந்தக் காலத்துக் கோப்பிக் கோப்பை ஒன்று தவறுதலாகப் படம்பிடிக்கப்பட்டு ஒளிபரப்பானது. உலகமே அதைப் பற்றிப் பேசியது. நிறுவனம் பிறகு அதைக் காட்சியிலிருந்து அழித்தது. மாயக் கதைக்கு ஒரு கோப்பையே இவ்வளவு இடைஞ்சல் என்றால், உலகம் அறிந்த ஒரு முகம் எவ்வளவு இடைஞ்சலாக முடியும் என்று யோசித்துப் பாருங்கள். அரசியல் நாடகத்திலோ குடும்பக் கதையிலோ பிரபலம் வந்தால் நாம் சிரித்துவிட்டுப் போகலாம். டிராகன் பறக்கும் கதையில் பார்வையாளன் ஏற்கனவே மிகப் பெரிய நம்பிக்கையை முன்கூட்டிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அதை வைத்து விளையாடும்போது அவனுக்குக் கோபம் வருகிறது.

முகம் மறைத்த கண்ணன், முகம் காட்டிய அருச்சுனன்

நமக்குப் பக்கத்தில் இதே பாடத்தை ஒரே படம் இரண்டு விதமாகச் சொல்லிக் கொடுத்தது. நாக் அஸ்வின் இயக்கி 2024 ஜூன் 27 அன்று வெளியான 'கல்கி 2898 ஏடி' குருக்ஷேத்திரப் போரில் தொடங்கி, பல ஆயிரம் ஆண்டுகள் தாண்டி எதிர்காலத்துக்குப் போகும் மாயக்கதை. பிரபாஸ், அமிதாப் பச்சன், தீபிகா படுகோன், கமல்ஹாசன் எனப் பெரிய கூட்டமே அதில் உண்டு. போதாததற்கு இயக்குநர்கள் ராஜமௌலியும் ராம் கோபால் வர்மாவும் எதிர்கால உலகத்தில் வந்து எட்டிப் பார்த்தார்கள். துல்கர் சல்மான் வந்தார். அருச்சுனனாக விஜய் தேவரகொண்டா வந்தார்.

திரையரங்கில் விசில் பறந்தது. வெளியே வந்ததும் கேலிச் சித்திரங்கள் பறந்தன. அருச்சுனன் பேசும்போது அருச்சுனனைக் காணவில்லை, நட்சத்திரம்தான் தெரிகிறது என்று பலர் வருத்தப்பட்டார்கள்.

அதே படத்தில் கண்ணனாக நடித்தவர் தமிழ் நாடகக் கலைஞர் கிருஷ்ணகுமார். 'சூரரைப் போற்று' படத்தில் கண்டிருப்பீர்கள். அவருடைய முகம் கடைசி வரை நிழலிலேயே இருந்தது. கண்ணனுக்கு உருவம் கொடுக்காமல் விட்டால்தான் தெய்வத்தன்மை நிற்கும், முகம் தெரிந்துவிட்டால் அவர் ஒரு நடிகராகிவிடுவார் என்பது இயக்குநர் சொன்ன காரணம். ரசிகர்கள் அந்த நிழலைக் கொண்டாடினார்கள். எந்தப் பாத்திரத்துக்கு எந்த முகம் தாங்கும், எதற்கு முகமே வேண்டாம் என்ற கேள்வியை ஒரு படைப்பாளி உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடுகிறது. யோசிக்காமல் விட்ட இடமும் தெரிந்துவிடுகிறது.

சுவரொட்டி கொடுத்த வாக்கு

கதைக்குள் நடக்கும் இடைஞ்சல் ஒருபக்கம். டிக்கெட் வாங்கும் இடத்திலேயே தொடங்கும் ஏமாற்றம் இன்னொருபக்கம். அதன் விலை மிகப் பெரியது.

2007 இறுதியில் மலையாளத்தில் 'கத பறயும்போள்' என்ற சின்னப் படம் வந்தது. ஊரில் முடிதிருத்தும் ஏழை மனிதர், ஒரு காலத்தில் தன் நண்பனாக இருந்த சினிமா நட்சத்திரம் தன் ஊருக்குப் படப்பிடிப்புக்கு வரும்போது தயங்கித் தயங்கி ஒதுங்குகிறார். அந்த மனிதராக சீனிவாசன். நட்சத்திரமாக மம்மூட்டி, கொஞ்ச நேரம்தான். கடைசியில் பள்ளிக்கூட மேடையில் பால்ய நண்பனைப் பற்றி அவர் பேசும் பேச்சு கேரளத்தை அழவைத்தது. படம் வெற்றி.

அதே கதை தமிழில் 'குசேலன்' ஆனது. பி. வாசு இயக்கம். முடிதிருத்துபவராகப் பசுபதி. நட்சத்திரமாக ரஜினிகாந்த். 2008 ஆகஸ்ட் 1 அன்று திரைக்கு வந்தபோது, 'சிவாஜி'க்கு அடுத்து வரும் ரஜினி படம் என்ற எதிர்பார்ப்போடு ரசிகர்கள் திரண்டார்கள். விநியோக விலையும் அந்த எதிர்பார்ப்பின் உயரத்துக்குப் போயிருந்தது. உள்ளே போனவர்கள் கண்டது பசுபதியின் கதை. பசுபதி அருமையாக நடித்திருந்தார். ஆனால் அவரைப் பார்க்க வந்தவர்கள் அங்கே இல்லை. வசூல் சரிந்தது. திரையரங்க உரிமையாளர்கள் இழப்பீடு கேட்டார்கள். ஒரு நல்ல நடிகர் தன் வாழ்நாளில் கிடைத்த பெரிய வேடத்தைத் தவறான கூட்டத்தின் முன்னால் நடித்துக் காட்டும்படி ஆயிற்று.

பதினைந்து வருடம் கழித்து அதே பாடம் திரும்பியது. 2024 பெப்ரவரி 9 அன்று வெளியான 'லால் சலாம்' விஷ்ணு விஷாலும் விக்ராந்தும் நாயகர்களாக நடித்த படம். கிரிக்கெட்டும் மதநல்லிணக்கமும் அதன் பொருள். ரஜினிகாந்த் மொய்தீன் பாயாக வந்தார். முதலில் அந்தப் பாத்திரம் சுமார் பத்து நிமிடமே வருவதாக இருந்தது என்றும், வியாபாரத் தேவைக்காக அது பெருத்து, கதையின் சமநிலை கலைந்தது என்றும் இயக்குநர் ஐஸ்வர்யா ரஜினிகாந்தே பின்னர் பேட்டியில் மனம் திறந்தார். தந்தையை வைத்து எடுத்த படத்தைப் பற்றி ஒரு மகள் இப்படிப் பேசியது துணிவான செயல். அவர் சொன்னதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்: நட்சத்திரம் நுழைந்த பிறகு மற்றவர் யாரும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கைதட்டல் கிடைத்த இடங்கள்

வெற்றி பெற்றவை எப்படி வென்றன? 2022 ஜூன் 3 அன்று வந்த 'விக்ரம்' படத்தில் சூர்யா கடைசிச் சில நிமிடங்கள்தான் வருகிறார். ஆனால் படம் முழுவதும் அந்தப் பெயர் பயமுறுத்திக்கொண்டே இருக்கிறது. எல்லா வில்லன்களுக்கும் மேலே இன்னொருவன் இருக்கிறான் என்ற பயத்தைக் கதை முன்பே விதைத்துவிட்டது. முகம் வந்தபோது அந்தப் பயத்துக்கு உருவம் கிடைத்தது. அதிலும் நாம் நல்லவனாகவே பார்த்துப் பழகிய சூர்யா இரக்கமில்லாத கொடியவனாக நின்றார். தன் பெயரை அவர் பணயம் வைத்தார். சம்பளம் வாங்காமல் நடித்தார் என்பதும், கமல்ஹாசன் தன் ரோலெக்ஸ் கடிகாரத்தை அவருக்குப் பரிசளித்தார் என்பதும் அப்போது எல்லோரும் பேசிய செய்திகள்.

2023 ஆகஸ்ட் 10 அன்று வந்த 'ஜெயிலர்' படத்தில் கன்னட நடிகர் சிவராஜ்குமாரின் நரசிம்மா பேசியது மிகக் கொஞ்சம். சிறையில் பழகிய பழைய நட்புக்காகத் துணைக்கு வந்து நின்றார். அவருடைய படம் ஒன்றைக்கூடப் பார்த்திராத தமிழ் ரசிகர்கள் அவருக்காக எழுந்து நின்றார்கள். அவர் யார் என்று தெரியாதவனுக்கும் அந்தக் காட்சி புரிந்தது. அதுதான் அதன் பலம்.

> பெட்டிச் செய்தி: ரசிகன் மனதில் ஓடும் நான்கு கேள்விகள்
>
> 1. இந்த வேடத்தை யாரென்றே தெரியாத ஒருவர் செய்தாலும் காட்சி தேவைப்படுமா?
>
> 2. வந்தவர் போன பிறகு கதையில் ஏதாவது மாறியிருக்கிறதா?
>
> 3. அவரைக் காட்டி நம்மிடம் டிக்கெட் விற்றார்களா?
>
> 4. அவருக்காகக் கதையின் சொந்தப் பிள்ளைகள் ஓரம் தள்ளப்பட்டார்களா?

விளைவுகள்: பார்ப்பது போய்த் தேடுவது வந்தது

ரோலெக்ஸின் வெற்றி ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிட்டது. இப்போது ஒவ்வொரு பெரிய படமும் வரும் முன்பே யார் வருகிறார், எந்த நிமிடம் வருகிறார் என்ற வேட்டை தொடங்கிவிடுகிறது. 2025 ஆகஸ்ட் 14 அன்று வெளியான 'கூலி'யில் ஆமிர் கான் வருவார் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, அதுவே பெரிய பேச்சானது. படம் முடியும் தறுவாயில் அவர் வந்தபோது, திரையரங்கில் ஆரவாரமும் வெளியே ஏமாற்றமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இவ்வளவு பெரிய நடிகரை இதற்காகவா அழைத்தீர்கள் என்று கேட்டவர்களில் அவருடைய ரசிகர்களும் உண்டு.

இந்த வேட்டையில் முதலில் அடிபடுவது கதை. பார்வையாளன் பாத்திரங்களோடு போகாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறான். அடுத்து அடிபடுவது துணை நடிகர்கள். நாற்பது நாள் படப்பிடிப்பில் உழைத்தவரின் நல்ல காட்சியை, ஒரு நாள் வந்துபோனவரின் துணுக்கு விழுங்கிவிடுகிறது.

திரைக்கு வெளியே போகும் அர்த்தங்களும் உண்டு. 2024 செப்டெம்பர் 5 அன்று வந்த 'கோட்' படத்தில் விஜய் தன் துப்பாக்கியைச் சிவகார்த்திகேயன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். விஜய் அரசியலுக்கு வருவதாக அறிவித்து ஏழு மாதம் ஆகியிருந்த நேரம். கதைக்குள் அது ஒரு சின்ன உதவி. ரசிகர்களோ அதை அரியணை கைமாறும் சடங்காக வாசித்தார்கள். இரு பக்கத்து ரசிகர்களும் மோதிக்கொண்டார்கள். சிவகார்த்திகேயன் பின்னாளில் மேடையில் விளக்கம் சொல்லும் நிலை வந்தது.

அதே படத்தில் இன்னும் ஆழமான ஒரு கேள்வி எழுந்தது. 2023 டிசெம்பர் 28 அன்று மறைந்த விஜயகாந்த், செயற்கை நுண்ணறிவின் உதவியோடு திரையில் வந்தார். குடும்பத்தின் சம்மதத்தோடு செய்யப்பட்டது. கண்கலங்கியவர்கள் பலர். மனம் ஒப்பாதவர்களும் பலர். உயிரோடு இருக்கும் நடிகர் ஒரு காட்சியை வாசித்துவிட்டு 'இது எனக்குப் பொருந்தாது' என்று சொல்லலாம். மறைந்தவரால் அது முடியாது. அவருடைய முகத்தை எந்தக் கதையில், எந்த வசனத்தோடு, எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதற்கு நம் திரையுலகம் இன்னும் தெளிவான முறை வகுக்கவில்லை. குடும்பம் சம்மதித்தால் மட்டும் போதுமா என்று கேட்கும் உரிமை, அந்த மனிதரை நாற்பது வருடம் நேசித்த ரசிகனுக்கும் உண்டு.

பிந்திப் பார்ப்பவன் தரும் தீர்ப்பு

சென்னையில் அதிகாலைக் காட்சி பார்ப்பவனுக்குக் கிடைக்கும் திடுக்கிடல் பட்டிப்பொலைக்கு வருவதில்லை. இங்கிருந்து திரையரங்கு என்றால் மலையிறங்கி நகரத்துக்குப் போக வேண்டும். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. குடும்பத்தோடு ஒரு படம் பார்ப்பதென்றால் பஸ் கட்டணம், டிக்கெட், அன்றைக்கு இழக்கும் பேர் (நாட்கூலி) எல்லாம் கணக்கில் வரும். ரோலெக்ஸ் வந்த 2022 ஆம் ஆண்டு, மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த ஆண்டு. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற ஆண்டு. படம் இங்குள்ள பலரிடம் வந்து சேர்ந்தது பல வாரம் கழித்து, தொலைக்காட்சியிலோ போனிலோதான்.

அதற்குள் கடைசிக் காட்சி துண்டு துண்டாக எல்லாப் போன்களிலும் சுற்றி முடிந்திருக்கும். யார் வருவார், எப்படி வருவார், எந்த இசையோடு வருவார் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் மலையகத்து ரசிகன் முழுப் படத்தைப் பார்க்க உட்காருகிறான். 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' போன்ற தொடர்களையும் தமிழில் கதை சொல்லும் காணொளிகள் வழியே முதலில் அறிந்தவர்கள் இங்கே ஏராளம். ஷீரன் யார் என்று தெரியாமலே அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அது சாதாரணமான, அழகான ஒரு காட்சி. தெரிந்தவர்களுக்குத்தான் முள்.

ஆகவே திடுக்கிடல் கழிந்த பிறகு ஒரு வருகையில் என்ன மிஞ்சுகிறது என்பதை மிகச் சரியாக எடைபோடக் கூடியவன், பிந்திப் பார்க்கும் இந்த ரசிகன். ரோலெக்ஸுக்கு இன்னும் கைதட்டுகிறான். நரசிம்மாவுக்கு இன்னும் கைதட்டுகிறான். மற்றவற்றை விரலால் தள்ளுகிறான். படத்தின் முதல் நாள் விசிலை வைத்துக் கணக்குப் பார்க்கும் தயாரிப்பாளர்கள் இந்த இரண்டாம் தீர்ப்பைக் கேட்பதில்லை. ஆனால் ஒரு படம் பத்து வருடம் வாழ்வதா இல்லையா என்பது இங்கேதான் முடிவாகிறது.

தெரிந்த முகம் அருச்சுனனாகும் இரவு

தெரிந்த முகம் வந்தாலே மாயை உடைந்துவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். மலையகத்தில் வளர்ந்த யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்ற மூன்று கூத்துகளும் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வருபவை. அவற்றில் ஆடுகிறவர்கள் வெளியூர்க் கலைஞர்கள் அல்லர். பக்கத்து லயத்து மாமா, கவ்வாத்து வெட்டும் அண்ணன், கொழுந்து நிறுக்கும் இடத்தில் தினமும் காணும் மனிதர். அவருடைய பெயர், கடன், கோபம், குடும்பக் கதை எல்லாம் ஊருக்குத் தெரியும்.

ஆனாலும் மாசி மாதம் காமன் நட்டு, காப்புக் கட்டி, விரதமிருந்து, தப்பு முழங்க அவர் மன்மதனாக வரும்போது ஊர் அவரை மன்மதனாகவே காண்கிறது. மன்மதன் எரியும்போது ரதியோடு சேர்ந்து பெண்கள் கண்ணீர் விடுகிறார்கள். அருச்சுனன் வேடம் கட்டியவர் தபசு மரத்தில் ஏறும்போது கீழே நிற்பவர்கள் கும்பிடுகிறார்கள். அந்த முகத்தை அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் இல்லை. இருந்தும் மாயை உடையவில்லை.

ஏன்? அவர் அந்த வேடத்துக்காக நாட்கணக்கில் தன்னை ஒப்புக்கொடுத்திருக்கிறார். இரவு முழுக்கக் கதையோடு நிற்கிறார். நடுவில் வந்து முகத்தைக் காட்டிவிட்டு இறங்கிப் போவதில்லை. கூத்து முடிந்து வேடம் கலையும் வரை அவர் கதைக்குச் சொந்தம். எட் ஷீரனுக்கும் விஜய் தேவரகொண்டாவுக்கும் கிடைத்த கேலி அவர்களுடைய முகம் பிரபலமானது என்பதற்காக வரவில்லை. அந்த முகத்தைப் பாத்திரத்துக்குள் கரைக்க அவர்களுக்குப் போதிய நேரமும் வேலையும் கொடுக்கப்படவில்லை. அழைத்தவர்களின் பொறுப்பு அது. சூர்யாவுக்கு அந்த வேலையைக் கதை முன்கூட்டியே செய்து வைத்திருந்தது.

நமக்குக் கிடைக்கும் நிமிடங்கள்

மலையகத்து ரசிகனுக்கு இந்த விஷயம் இன்னொரு வகையிலும் சுடுகிறது. தமிழ்த் திரையின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரான எம்.ஜி.ஆர். 1917 இல் நாவலப்பிட்டியில் பிறந்தார் என்பதை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். 1978 இல் சிவாஜி கணேசனும் மாலினி பொன்சேகாவும் நடித்த 'பைலட் பிரேம்நாத்' இலங்கையில் படமானது. அதன் பிறகும் எத்தனையோ கமராக்கள் இந்த மலைகளுக்கு வந்தன. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலமும், தேயிலைச் சரிவும், மூடுபனிக்குள் நுழையும் ரயிலும் உலகம் முழுவதும் ஓடுகின்றன. அந்தச் சரிவில் கூடையோடு நிற்கும் பெண் ஒரு நொடி தெரிகிறாள். அவளுக்குப் பெயர் இல்லை, வசனம் இல்லை. 1823 இல் கோப்பித் தோட்டங்களுக்கு வந்ததிலிருந்து கணக்கிட்டு 2023 இல் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்த ஒரு சமூகத்துக்கு, திரையில் கிடைத்திருப்பவை இந்த நொடிகளே.

அதனால்தான் அதே 2023 இல் புசல்லாவைத் தோட்டமொன்றைச் சேர்ந்த ஒரு சிறுமி ஸீ தமிழ் தொலைக்காட்சியின் 'சரிகமப' மேடையில் நின்று பாடியபோது, மலையகம் முழுவதும் தொலைக்காட்சி முன் கூடியது. அவள் யாருடைய கதைக்கும் அலங்காரமாகப் போகவில்லை. வாரந்தோறும் நின்றாள், பாடினாள், தன் மக்களின் வாழ்க்கையைச் சொன்னாள். அதே ஆண்டு ஒக்டோபரில், கண்டியில் பிறந்து 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த முத்தையா முரளிதரனின் வாழ்க்கை '800' என்ற படமாக வந்தது. அந்தப் படத்தைச் சுற்றிய சர்ச்சைகள் வேறு. ஆனால் மலையகத் தமிழ்க் குடும்பம் ஒன்று கதையின் நடுவில் இருந்த அரிய படம் அது.

நம் தொலைக்காட்சி நிலையங்களிடமும் படைப்பாளிகளிடமும் கேட்க வேண்டியவை உண்டு. மாயக் கதைகளுக்கு இந்தியத் தொடர்களை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. காமனும் ரதியும், பொன்னரும் சங்கரும், தபசு மரமும் நம்மிடம் இருக்கின்றன. அவற்றை ஆடத் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களை வைத்து ஒரு தொடர் எடுங்கள். பிரபலம் ஒருவர் வேண்டுமென்றால் தாராளமாக அழையுங்கள். ஆனால் அவருக்கு ஒரு வேடம் கொடுங்கள், ஒரு வேலை கொடுங்கள், கதை முடியும் வரை அதன் விளைவு தெரியும்படி எழுதுங்கள். சுவரொட்டியில் அவரை முன்னால் நிறுத்தி, கதையின் பிள்ளைகளைப் பின்னால் தள்ளாதீர்கள்.

நட்சத்திரங்களிடமும் ஒரு வேண்டுகோள். நட்புக்காகப் போகிறேன், ஒரு நாள்தானே என்று ஒப்புக்கொள்ளும் முன், அந்த ஒரு நாளில் நீங்கள் நடிக்கப்போவது யார் என்று கேளுங்கள். பாத்திரத்துக்குப் பெயரும் நோக்கமும் இல்லை என்றால் மறுத்துவிடுங்கள். அந்த மறுப்பை ரசிகன் மதிப்பான்.

ரசிகர்களும் ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்க வேண்டும். வந்துபோன நடிகரைத் தனிப்பட்ட முறையில் அவமதிப்பதால் எந்தக் கதையும் திருந்தாது. அழைத்தது யார், ஏன் அழைத்தார், எதை விற்க அழைத்தார் என்று கேட்டால்தான் அடுத்த கதையை எழுதுகிறவர் கவனமாக எழுதுவார். கோபத்தை அந்தக் கேள்வியாக மாற்றுவோம். நம் உழைப்பின் பணத்தையும் நேரத்தையும் கொடுத்துப் பார்க்கிறோம். முழுக் கதையைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.